பாகூர்க் கொம்யூன்

புதுவை நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால், பரந்த நெல்வயல்களின் நடுவே ஓர் ஊர் தோன்றும். அதுவே பாகூர். அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் உள்ளடக்கிய பகுதி பாகூர்க் கொம்யூன் எனப்படும்.

கொம்யூன் என்பது பிரெஞ்சுச் சொல். ஊர்மக்கள் தம் பொதுக் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் ஆட்சிப் பகுதியை அது குறிக்கும். வடகோடியிலுள்ள நார்வே நாட்டினரும் அத்தகைய பகுதியைக் 'கொம்யூனே' என்றே வழங்குவர். 1880ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசினர் புதுச்சேரியைக் கொம்யூன்களாகப் பகுத்தபோது, பாகூரும் அவற்றுள் ஒன்றாயிற்று. 1954இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றது. ஆயினும் கொம்யூன் நிலைத்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கொம்யூன் பஞ்சாயத்து ஆக்கியது. எனினும், 1968க்குப் பின் மக்கள் உள்ளாட்சித் தேர்தலைக் கண்டது 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான்.

இப்பகுதியின் கிழக்கே வங்கக் கடலும் தெற்கே தென்பெண்ணை ஆறும் உள்ளன. புதுச்சேரி நிலமும் கடலூர் மாவட்ட நிலமும் இங்கு ஒன்றனுள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தனித்தனியே ஊர்களைப் பெற்று ஆண்டமையே இதற்குக் காரணம். பெண்ணையாற்றின் வண்டல் படிந்த உள்நாட்டில் நெல்லும் கரும்பும் வாழையும் விளைகின்றன. கடலோர மணற்பாங்கில் தென்னையும் சவுக்கும் ஓங்கி நிற்கின்றன.

பாகூருக்கு உயிர்நாடி அதன் ஏரி. புதுவை வட்டாரத்தில் ஊசுட்டேரிக்கு அடுத்தபடி பெரியது இதுவே. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பெண்ணையாற்று நீரை இதற்குக் கொணர்கின்றது. இந்நீர்வளத்தால் பாகூர், புதுவையின் நெற்களஞ்சியம் எனப் புகழ் பெற்றது. வளம் மிக்க இடத்தில் கல்வியும் தழைக்கும். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த கல்லூரிக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. அச்செய்தியைப் பாகூர்ச் செப்பேடு தெரிவிக்கின்றது. இங்குள்ள மூலநாதர் கோயிலின் கல்வெட்டுகள் சோழர் காலச் செய்திகளை உரைக்கின்றன.

உள்ளூர்களில் வாழ்வோர் உழவரும் உழவுத் தொழிலாளரும் ஆவர். கரையோரக் குப்பங்களில் மீனவர் வாழ்கின்றனர். இளைஞர் பலர் நாள்தோறும் நகருக்கு வேலை நாடிச் செல்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, புதுச்சேரி ஆட்சிப்பரப்பின் 12,47,953 மக்களுள் நாட்டுப்புறத்தார் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. நகரம் வளர வளர, வயல்கள் மனைகளாக மாறுகின்றன.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஏரிப்பாசனம் குறைய, உழவர் ஆழ்துளைக் கிணறுகளை நாடினர். அளவின்றி இறைத்தால் நிலத்தடி நீர் தாழும். அவ்வெற்றிடத்தைக் கடல்நீர் வந்து நிரப்பும். கடலோர ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பாவது இதனாலேயாம். ஒருமுறை உவர் ஏறிய நிலத்தடி நீர் மீண்டும் நன்னீராவதற்கு நெடுங்காலம் ஆகும். ஏரியைத் தூர்வாரி, வாய்க்காலைப் பேணி, மழைநீரை நிலத்தினுள் இறங்கச் செய்தலே இதற்கு ஏற்ற காப்பு ஆகும்.

முன்னோர் ஏரியைக் காத்தனர். ஏரி ஊரைக் காத்தது. அக்கடமை இனி இளைஞர் கையில் உள்ளது.