பெட்டிக்குள் எந்தப் பொம்மை? 'பிளைண்ட் பாக்ஸ்' விற்பனையில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்

புது தில்லி: தில்லியை ஒட்டிய குருகிராமில், 2025 மே மாதம், லெகோ நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற முதல் இந்தியக் கடை திறக்கப்பட்டது. விரல் நீளமே உள்ள சிறு மனித உருவங்களை அந்நிறுவனம் 2010 முதல் உலகெங்கும் ஒரு தனி முறையில் விற்று வருகிறது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் பாத்திரங்களைக் கொண்டு 2024-இல் வெளியான தொடரில் 12 உருவங்கள் உண்டு. எல்லாப் பெட்டிக்கும் ஒரே விலை, ஒரே தோற்றம். எது கிடைத்தது என்பது பணம் கொடுத்துப் பிரித்த பிறகே தெரியும். 'பிளைண்ட் பாக்ஸ்' எனப்படும் இந்த விற்பனை முறையை, கடந்த ஆண்டு லபுபு பொம்மை மோகம் இந்தியாவில் வீட்டுக்கு வீடு பேசுபொருளாக்கியது.

முறை புதிதல்ல. பினாக்கா பற்பசை அட்டைப்பெட்டிக்குள் வந்த பிளாஸ்டிக் விலங்குகளைச் சேர்த்தவர்கள் இன்று தாத்தா, பாட்டிகள். பெட்டிக்கடையில் காசு கொடுத்து அட்டையிலிருந்து ஒரு காகிதத்தைக் கிழித்து, அதிலிருந்த எண்ணுக்கு உரிய பலூனையோ விசிலையோ பெற்ற தலைமுறையும் உண்டு. ஆனால் பினாக்கா விலங்கு இலவசம். வீட்டுக்குப் பற்பசை எப்படியும் தேவைப்பட்டது.

மேசை விளையாட்டு உலகில் இந்த முறையைச் சீட்டுகளுக்கு வெற்றிகரமாகப் பயன்படுத்தியது 1993-இல் வந்த 'மேஜிக்: தி கேதரிங்'. போர் விளையாட்டு உருவங்களுக்கு அதைக் கொண்டுவந்தது அமெரிக்காவின் விஸ்கிட்ஸ் நிறுவனம், 2000-இல் 'மேஜ் நைட்' மூலம். அதுவரை ஆட்டக்காரர்கள் உருவங்களைத் தேர்ந்து வாங்கி, தாங்களே வண்ணம் தீட்டினர். விஸ்கிட்ஸ் வண்ணம் தீட்டிய உருவங்களை மூடிய பெட்டியில் கலந்து விற்றது.

இதில் விற்பவருக்கு உள்ள வசதி வெளிப்படையானது. ஒவ்வோர் உருவத்துக்கும் தனி அச்சு வேண்டும். அச்சு செய்வதுதான் பெருஞ்செலவு. திறந்து வைத்து விற்றால் எல்லோரும் டிராகனையே கேட்பார்கள். சாதாரணக் காலாட்படை வீரன் அலமாரியில் தூசி படிந்து கிடப்பான். கலந்து விற்றால் வீரனும் விற்றுவிடுகிறான். சிறு கடைக்காரர் நாற்பது வகைக்குப் பதில் ஒரே வகைப் பெட்டியை இருப்பு வைத்தால் போதும். வாங்குபவருக்கும் ஓரளவு நன்மை உண்டு. குறைந்த தொகையில் ஆட்டத்தைத் தொடங்கலாம். அரிய உருவமும் அதே விலைக்கு அமையக்கூடும். இரட்டையாக வந்ததை நண்பரிடம் மாற்றிக்கொள்ளலாம். இந்த மாற்றமே பல விளையாட்டுக் குழுக்களை ஒன்றாக வைத்திருக்கிறது.

நஷ்டத்தைக் காட்டுவது கணக்கு. 12 உருவங்களும் சம வாய்ப்பில் வருவதாகக் கொண்டாலும், தனியொருவர் முழுத் தொடரையும் சேர்க்கச் சராசரியாக 37 பெட்டிகள் வாங்க நேரும். கடைசி ஓர் உருவத்துக்கு மட்டுமே சராசரியாக 12 பெட்டிகள் தேவை. பெட்டி 500 ரூபாய் எனக் கொண்டால், 6,000 ரூபாய்ப் பொருளுக்கு 18,500 ரூபாய் செலவு. லபுபுவின் பல தொடர்களில் 'ரகசிய' உருவத்துக்கான வாய்ப்பு 72-இல் 1. 72 பெட்டிகள் வாங்கினால் அது நிச்சயம் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியல்ல: தனித்தனியாக 72 வாங்கிய பிறகும், நூற்றுக்கு 36 பேருக்கு மேல் அது கிடைத்திருக்காது.

இந்தியாவில் இறக்குமதி வரியும் சேர்கிறது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. வேண்டாத இரட்டை உருவத்துக்கும் அந்த வரியை வாங்குபவரே சுமக்கிறார்.

இது சூதாட்டமா என்ற கேள்விக்கு நெருக்கமான வழக்கு ஒன்று தில்லியில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஹார்லிக்ஸ் புட்டிகள் சிலவற்றுக்குள் பரிசுச் சீட்டு வைத்து விற்றதை ஏகபோக மற்றும் கட்டுப்பாட்டு வணிக நடைமுறை ஆணையம் முறையற்றதெனக் கூறியது. 1998-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குலுக்கலில் பங்கேற்கத் தனிக் கட்டணம் பெறப்படாததால் அது லாட்டரி ஆகாது என்றது. பொம்மை நிறுவனங்களின் வாதமும் இதை ஒட்டியதே: ஒவ்வொரு பெட்டியிலும் கொடுத்த விலைக்கு ஒரு பொருள் இருக்கிறது, வெறுங்கையோடு யாரும் திரும்புவதில்லை. ஆனால் ஹார்லிக்ஸ் வாங்கியவருக்குச் சீட்டு இல்லாவிட்டாலும் ஹார்லிக்ஸ் கிடைத்தது. இங்கே வாங்கும் பொருளே குலுக்கலின் முடிவாக இருக்கிறது. அந்த வேறுபாடு சிறியதல்ல.

விற்பனையைப் பெருக்க நடத்தும் லாட்டரியையும் அதிர்ஷ்ட விளையாட்டையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகத்தில் சேர்த்துள்ளது. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. கடையில் விற்கும் அட்டைப்பெட்டி அதன் வரம்பில் வராது. அந்தப் பெட்டியின் மேல் வாய்ப்பு விகிதத்தை அச்சிட வேண்டும் என்று மட்டும் விதித்தாலே பெற்றோர் பலருக்குப் போதுமானதாக இருக்கும்.

சீனா அதைச் செய்துள்ளது. 2023 ஜூனில் வெளியான அதன் வழிகாட்டுதலின்படி, வாய்ப்பு விகிதத்தை அறிவிக்க வேண்டும். 8 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்கக்கூடாது. அதற்கு மேற்பட்ட சிறாருக்குப் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். மறுபுறம், 'வார்ஹாமர்' உருவங்களை விற்கும் பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப், தன் பெரும்பாலான பெட்டிகளில் உள்ளிருப்பதை வெளியே படமாகவே அச்சிட்டு, உலகின் பெரிய உருவ விளையாட்டு நிறுவனமாக நிலைத்திருக்கிறது. மறைத்து விற்றால்தான் தொழில் நடக்கும் என்பதற்கு இது மறுப்பு.

விவரமறிந்த சேகரிப்பாளர்கள் தனிப் பெட்டி வாங்குவதில்லை. லபுபு தொடர்கள் பலவற்றில் ஆறு பெட்டிகள் கொண்ட முழுக் கட்டை வாங்கினால் உருவங்கள் திரும்ப வருவதில்லை. 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பதால், போலிகளை ஒதுக்க அதையும் பார்க்கலாம். போலிப் பொருள், அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது போன்ற புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உள்ளது. 'மகள் கேட்ட உருவம் வரவில்லை' என்ற புகாருக்கு அங்கே வழி குறைவு. பெட்டியின் மேல் எழுதியிருந்ததை நிறுவனம் கொடுத்துவிட்டது.