சக் கிராஸ்லி: வரி, பொருளாதாரம், நீதிபதி நியமனம் குறித்த நிலைப்பாடுகள்

சக் கிராஸ்லி (முழுப்பெயர்: சார்லஸ் எர்னஸ்ட் கிராஸ்லி, பிறப்பு: செப்டம்பர் 17, 1933) ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த குடியரசுக் கட்சி அரசியல்வாதி ஆவார். 1981 ஜனவரி முதல் அமெரிக்க செனட் சபையின் உறுப்பினராக இருந்து வருகிறார். வரிச் சட்டங்களைத் தயாரிக்கும் நிதிக் குழு, நீதிபதிகளின் நியமனத்தை முதலில் ஆராயும் நீதித்துறைக் குழு ஆகிய இரண்டுக்கும் தலைமை தாங்கியவர். இதனால் வரியைப் பற்றியும் நீதிமன்றத்தைப் பற்றியும் இவர் கொண்ட கருத்துகள் பேச்சோடு நிற்காமல், நாட்டின் சட்டமாகவும் தீர்ப்பாகவும் மாறின.

அமெரிக்காவில் இவரைப் பழமைவாதி என்று வகைப்படுத்துவர். இச்சொல் தமிழில் பழைய பழக்கங்களை விட மறுப்பவர் என்ற பொருளைத் தந்துவிடக்கூடும். அமெரிக்க அரசியலில் இதன் பொருள் வேறு. குறைந்த வரி, அளவான அரசு, சந்தைக்குச் சுதந்திரம், அரசியலமைப்பின் எழுத்தை ஒட்டித் தீர்ப்பளிக்கும் நீதிபதிகள் ஆகியவற்றை விரும்புவோரையே அங்கே அவ்வாறு அழைக்கின்றனர். இந்த நான்கிலும் கிராஸ்லி எங்கே உறுதியாக நின்றார், எங்கே வளைந்து கொடுத்தார் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

கிராஸ்லி அயோவாவின் நியூ ஹார்ட்ஃபோர்டு என்ற சிற்றூரில் பிறந்தவர், விவசாயி. அயோவா மாநில ஆசிரியர் கல்லூரியில் 1955இல் இளங்கலைப் பட்டமும் 1956இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். விவசாயத்தோடு தொழிற்சாலையில் உலோகத் தகடு வெட்டும் தொழிலாளியாகவும் வேலை செய்திருக்கிறார். 1959 முதல் 1975 வரை மாநிலச் சட்டமன்றத்திலும், 1975 முதல் 1981 வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலும் இருந்தார். 1980 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜான் கல்வரைத் தோற்கடித்து செனட் சபைக்குச் சென்றார். 2022இல் எட்டாவது முறையாக வென்றார்.

இவர் வழக்கறிஞர் அல்லர். 2015இல் நீதித்துறைக் குழுவின் தலைவரானபோது, சட்டம் படிக்காத ஒருவர் அப்பொறுப்புக்கு வந்தது அதுவே முதல்முறை.

வரி குறித்த நிலைப்பாடு

உழைத்து ஈட்டிய பணம் முதலில் ஈட்டியவருக்கே உரியது. அரசு அதில் தேவைக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது கிராஸ்லியின் அடிப்படைக் கருத்து. மக்கள் கையில் மிஞ்சும் பணம் முதலீடாகி, வேலைவாய்ப்பைப் பெருக்கும் என்று அவர் வாதிடுகிறார்.

2001ஆம் ஆண்டின் வரிக் குறைப்புச் சட்டத்தில் இக்கருத்து வடிவம் பெற்றது. நிதிக் குழுவின் தலைவராக இருந்த கிராஸ்லி, அக்குழுவின் ஜனநாயகக் கட்சித் தலைவர் மேக்ஸ் பாக்கஸுடன் சேர்ந்து மசோதாவை உருவாக்கினார். பத்தாண்டுகளில் 1.35 லட்சம் கோடி டாலர் வரியைக் குறைப்பது அதன் அளவு. உச்ச வருமான வரி விகிதத்தை 39.6 சதவீதத்திலிருந்து படிப்படியாக 35 சதவீதமாகக் குறைக்கவும், கீழ்நிலை வருமானத்துக்குப் புதிதாக 10 சதவீத விகிதத்தைக் கொண்டுவரவும், ஒரு குழந்தைக்கான வரிச் சலுகையை 500 டாலரிலிருந்து 1,000 டாலராக உயர்த்தவும் அது வழிசெய்தது.

சாதாரண மசோதா ஒன்றின் மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு விட, செனட் சபையில் 60 பேரின் ஆதரவு தேவை. வரவு செலவுத் திட்டம் சார்ந்த மசோதாக்களுக்கு மட்டும் ஒரு தனி நடைமுறை உண்டு. அதில் எளிய பெரும்பான்மை போதும். ஆனால் அவ்வழியில் வரும் சட்டம், திட்டமிட்ட காலத்துக்குப் பின் பற்றாக்குறையை அதிகரிக்கக் கூடாது. 2001 சட்டம் இந்த வழியில் வந்ததால், 2010 இறுதியில் காலாவதியாகும்படி எழுதப்பட்டது.

2003இல் இரண்டாவது வரிக் குறைப்பு வந்தது. அப்போது கட்சியின் மிதவாத உறுப்பினர்கள் சிலர் பற்றாக்குறையை எண்ணித் தயங்கினர். மொத்தக் குறைப்பு 35,000 கோடி டாலரைத் தாண்டாது என்று கிராஸ்லி அவர்களுக்கு வாக்களித்தார். பிரதிநிதிகள் சபையிலிருந்த அவரது கட்சியினரே இதனால் கோபமடைந்தனர். எனினும் அவர் வாக்கை மாற்றவில்லை. மசோதா செனட்டில் 50–50 எனச் சமநிலையில் நிற்க, துணைக் குடியரசுத் தலைவர் டிக் சேனியின் வாக்கால் நிறைவேறியது.

2013 புத்தாண்டு நாளில், 4 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டும் தனிநபர்களுக்கு மட்டும் 39.6 சதவீத விகிதத்தை மீட்டு, மற்றவர்களுக்குக் குறைப்பை நிரந்தரமாக்கும் சமரச மசோதா செனட்டில் 89–8 என்ற வாக்குகளில் நிறைவேறியது. எதிர்த்த எட்டுப் பேரில் கிராஸ்லியும் ஒருவர். 2017இல் நிறுவன வரியை 35 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைத்த சட்டத்தையும், அக்குறைப்புகளில் பெரும்பாலானவற்றை நிரந்தரமாக்கிய 2025 சட்டத்தையும் அவர் ஆதரித்தார்.

மரபுரிமைச் சொத்து வரி

ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீது விதிக்கப்படும் வரியை முற்றிலும் நீக்க வேண்டும் என்பது கிராஸ்லியின் நெடுநாள் கோரிக்கை. விவசாயியிடம் நிலம் இருக்கும், ரொக்கம் இருக்காது; வரி கட்டவே வாரிசுகள் நிலத்தை விற்க நேரும் என்பது அவர் சொல்லும் காரணம்.

இதற்கு எதிர்ப்பும் உண்டு. 2017இல் தனிநபர் ஒருவரின் சொத்தில் 54.9 லட்சம் டாலர் வரை இவ்வரி கிடையாது. ஆகவே இறப்போரில் ஆயிரத்துக்குச் சுமார் இரண்டு பேரின் சொத்தே வரிக்குள் வந்தது. அவற்றிலும் விவசாய நிலங்கள் மிகச் சில. அதே ஆண்டில் ஒரு செய்தித்தாளுக்குப் பேசிய கிராஸ்லி, சேமித்து முதலீடு செய்வோரைக் கையிலுள்ளதையெல்லாம் மதுவுக்கும் பெண்களுக்கும் திரைப்படத்துக்கும் செலவழிப்போரோடு ஒப்பிட்டார். சேமிக்க வழியில்லாத ஏழை உழைப்பாளிகளை அவமதிக்கும் பேச்சு என்று பலர் கண்டித்தனர். சேமிப்போரைத் தண்டிக்கக் கூடாது என்பதே தன் கருத்து என்றும், அது திரித்துக் கூறப்பட்டது என்றும் அவர் விளக்கமளித்தார்.

ஏய்ப்போருக்கு எதிராக

வரி குறைவாக இருக்க வேண்டும் என்பவர், சட்டப்படி சேர வேண்டிய வரி தவறாமல் வந்துசேர வேண்டும் என்பதிலும் கண்டிப்பானவர். பெரும் வரி ஏய்ப்பைக் காட்டிக்கொடுப்போருக்கு, வசூலாகும் தொகையில் 15 முதல் 30 சதவீதம் வரை வெகுமதி தரும் 2006ஆம் ஆண்டுச் சட்ட விதி இவரது முயற்சியால் வந்தது. அரசை ஏமாற்றிப் பணம் பெறும் ஒப்பந்தக்காரர்களுக்கு எதிரான பழைய சட்டத்தை 1986இல் வலுப்படுத்தியதிலும் இவருக்கு முதன்மைப் பங்கு உண்டு.

பொருளாதாரம் குறித்த நிலைப்பாடு

கிராஸ்லியின் பொருளாதாரப் பார்வையை அயோவாவின் வயலிலிருந்து பார்த்தால் எளிதில் புரியும். மக்காச்சோள விளைச்சலிலும் அதிலிருந்து எடுக்கும் எத்தனால் உற்பத்தியிலும் அமெரிக்காவில் முதலிடம் வகிக்கும் மாநிலம் அது.

1980களில் கடன் சுமையால் பல குடும்பங்கள் நிலத்தை இழந்தபோது, சிறு விவசாயிகள் நிலத்தை வைத்துக்கொண்டே கடனைச் சீரமைக்க உதவும் தனித் திவால் சட்டப் பிரிவை 1986இல் கொண்டுவந்தார். அரசு மானியம் பெரும் பண்ணைகளுக்கே போய்ச் சேருவதைத் தடுக்க உச்ச வரம்பு வேண்டும் என்றும் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறார்.

காற்றாலை மின்சாரத்துக்கான வரிச் சலுகையை 1992இல் கொண்டுவந்தவரும் இவரே. இன்று அயோவாவின் மின் உற்பத்தியில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்து கிடைக்கிறது. சந்தையை அதன் போக்கில் விட வேண்டும் என்போர் எத்தனால், காற்றாலை ஆகியவற்றுக்கான சலுகைகளை முரண்பாடாகக் காண்கின்றனர். புதிய தொழில் வேரூன்றும் வரை ஆதரவு தேவை என்பது கிராஸ்லியின் பதில்.

மருந்து விலையிலும் அவர் கட்சியின் பொதுப்போக்கிலிருந்து விலகினார். 2019இல் ஜனநாயகக் கட்சியின் ரான் வைடனுடன் சேர்ந்து, முதியோர் மருத்துவக் காப்பீட்டில் பணவீக்கத்தைவிட வேகமாக விலையேற்றும் மருந்து நிறுவனங்கள் அபராதத் தொகை செலுத்த வேண்டும் என்ற மசோதாவைத் தயாரித்தார். நிதிக் குழுவில் அது 19–9 என்று நிறைவேறியது. எதிர்த்த ஒன்பது பேரும் அவரது கட்சியினரே. மசோதா முழு அவையின் வாக்கெடுப்புக்கு வரவேயில்லை.

இறக்குமதி வரியைப் பொறுத்தவரை அவர் தடையற்ற வணிகத்தின் ஆதரவாளர். 2018இல் குடியரசுத் தலைவர் டொனால்டு டிரம்ப் விதித்த வரிகளுக்குப் பதிலடியாகச் சீனா அமெரிக்கச் சோயாவுக்கு 25 சதவீத வரி விதித்தது; அயோவா விவசாயிகள் நேரடியாகப் பாதிக்கப்பட்டனர். 2025 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சியின் மரியா கான்ட்வெலுடன் ஒரு மசோதாவை முன்வைத்தார். புதிய இறக்குமதி வரியைக் குடியரசுத் தலைவர் 48 மணி நேரத்துக்குள் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 60 நாட்களுக்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால் அது காலாவதியாகும் என்பது அதன் சாரம். வரி விதிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு நாடாளுமன்றத்துக்கே தந்துள்ளது என்பது இதன் அடிப்படை.

நீதிபதி நியமனம்

அமெரிக்காவில் கூட்டரசு நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் பரிந்துரைக்கிறார். செனட் சபை ஒப்புதல் தருகிறது. ஓய்வு வயது கிடையாது, வாழ்நாள் பதவி. ஒரு வரிச் சட்டத்தை அடுத்த தேர்தலில் வருவோர் மாற்றிவிடலாம். ஒரு நீதிபதியின் நியமனமோ முப்பது ஆண்டுகள் வரைகூட நிலைக்கும். இதனால்தான் நியமனப் போட்டி இத்தனை கடுமையாக நடக்கிறது.

நீதிபதி சட்டத்தை உள்ளபடி படித்துத் தீர்ப்பளிக்க வேண்டும். தன் விருப்பத்தைச் சட்டமாக்கக் கூடாது என்பது கிராஸ்லியின் அளவுகோல். ஆனால் அவர் பெயர் வரலாற்றில் நிலைத்தது இந்த அளவுகோலுக்காக அன்று, நடைமுறையைக் கையாண்ட விதத்துக்காகவே.

2016 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி அன்டோனின் ஸ்காலியா காலமானார். மார்ச் 16 அன்று குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா அந்த இடத்துக்கு மெரிக் கார்லண்டைப் பரிந்துரைத்தார். தேர்தல் ஆண்டில் மக்களின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும் என்று கூறி, அவரை விசாரணைக்கே அழைக்கக் கிராஸ்லியின் குழு மறுத்தது. பரிந்துரை 2017 ஜனவரியில் காலாவதியானது. பின்னர் டிரம்ப் பரிந்துரைத்த நீல் கோர்சச் அந்த இடத்தில் அமர்ந்தார். 2018இல் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டை மறுத்த பிரெட் கவனாவின் விசாரணையையும் கிராஸ்லியே நடத்தினார். கவனா 50–48 என்ற வாக்குகளில் உறுதி செய்யப்பட்டார்.

2020 செப்டம்பரில், தேர்தலுக்குச் சில வாரங்கள் இருந்தபோது நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் காலமானார். தானே குழுத் தலைவராக இருந்தால் 2020இல் விசாரணை நடத்த மாட்டேன் என்று கிராஸ்லி முன்பு கூறியிருந்தார். அப்போது அவர் தலைவர் அல்லர். முடிவு தலைவருடையது என்றும், 2016இல் குடியரசுத் தலைவரும் செனட் பெரும்பான்மையும் வெவ்வேறு கட்சி, இப்போது ஒரே கட்சி என்றும் கூறி, ஏமி கோனி பாரட்டின் நியமனத்தை ஆதரித்தார். விதி ஆளுக்கேற்ப மாறியது என்பது எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டு. அரசியலமைப்பு தந்த அதிகாரத்தைச் செனட் இரு முறையும் பயன்படுத்தியது என்பது ஆதரவாளர்களின் விடை.

மேல்முறையீட்டு நீதிமன்றங்களிலும் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. ஒபாமாவின் கடைசி இரண்டு ஆண்டுகளில் 2 மேல்முறையீட்டு நீதிபதிகளே உறுதி செய்யப்பட்டனர். டிரம்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 30. இரு காலத்திலும் குழுத் தலைவர் கிராஸ்லியே.

நீலச் சீட்டு

சுமார் 1917 முதல் செனட்டில் ஒரு வழக்கம் உள்ளது. ஒரு மாநிலத்துக்கான நீதிபதி பரிந்துரைக்கப்பட்டால், அம்மாநிலத்தின் இரு செனட் உறுப்பினர்களுக்கும் கருத்துக் கேட்டு நீல நிறச் சீட்டு அனுப்பப்படும். அவர்கள் அதைத் திருப்பித் தராவிட்டால் நியமனம் நின்றுவிடுவது உண்டு. இது சட்டம் அன்று, மரபு.

2017இல் மினசோட்டாவின் டேவிட் ஸ்ட்ராஸுக்கு அம்மாநில உறுப்பினர் ஒருவர் சீட்டைத் தர மறுத்தபோதும் கிராஸ்லி விசாரணையை நடத்தினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் பல மாநிலங்களுக்குப் பொதுவானது, ஒருவர் அதைத் தடுக்க முடியாது என்றார். மாவட்ட நீதிமன்றங்களுக்கு மட்டும் மரபைக் காப்பாற்றினார். 2025 கோடையில் அதையும் கைவிடும்படி டிரம்ப் வெளிப்படையாக வற்புறுத்தினார். மீண்டும் குழுத் தலைவராகியிருந்த கிராஸ்லி இணங்கவில்லை. குடியரசுத் தலைவரின் பேச்சு தன்னைப் புண்படுத்தியதாகக் குழுக் கூட்டத்திலேயே கூறினார்.

மதிப்பீடு

வரியில் கிராஸ்லியின் கருத்து ஏறத்தாழ மாறாதது. ஆனால் அவர் ஆதரித்த குறைப்புகளுக்கு ஈடான செலவுக் குறைப்பு வரவில்லை. கடன் சுமையைப் பற்றி அவரே எச்சரித்துவந்த நிலையில் கடன் வளர்ந்தது. பொருளாதாரத்தில் கட்சிக் கோட்பாடும் அயோவாவின் நலனும் மோதியபோது, பெரும்பாலும் அயோவாவின் பக்கம் நின்றார். நீதிபதி நியமனத்தில் 2016, 2020 ஆகிய ஆண்டுகளில் கட்சியோடு சென்றவர், 2025இல் ஒரு பழைய மரபுக்காகத் தன் கட்சியின் குடியரசுத் தலைவரையே மறுத்தார்.

பழமைவாதி என்ற ஒற்றைச் சொல் இவற்றில் எதையும் முழுமையாக விளக்காது. ஒரு சட்டமன்ற உறுப்பினரை அறிய, அவர் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார், கையில் அதிகாரம் இருந்தபோது எதைத் தடுத்தார், எதை நடக்கவிட்டார் என்று பார்க்க வேண்டும். அவ்வாறு பார்க்கப் போதுமான பதிவுகளைக் கிராஸ்லியின் நீண்ட பணிக்காலம் விட்டுச் சென்றுள்ளது.