இடிபாட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்

1839 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து மத்திய அமெரிக்காவுக்கு இரண்டு பேர் கப்பல் ஏறினார்கள். ஒருவர் ஜான் லாய்ட் ஸ்டீபன்ஸ். வழக்கறிஞர், பயண நூல்கள் எழுதிப் பெயர் வாங்கியவர். மற்றவர் ஃபிரடெரிக் கேதர்வுட் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். எகிப்தியக் கோயில்களை அளந்து அளந்து வரைந்து பழகிய கை அவருடையது. அமெரிக்க அதிபர் வான் பியூரன் ஸ்டீபன்ஸைத் தூதராக நியமித்து அனுப்பியிருந்தார். மத்திய அமெரிக்கக் கூட்டாட்சியின் அரசாங்கத்தைத் தேடிப் பிடித்து அதனிடம் நியமனப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும் என்பது வேலை. இவர்கள் போய்ச் சேர்ந்த நேரத்தில் அங்கே அரசாங்கமே இல்லை. கூட்டாட்சி ஐந்து துண்டுகளாக உடைந்துகொண்டிருந்தது. ஊருக்கு ஊர் வேறு வேறு படை.

குவாத்தமாலாவின் கிழக்கே கமோத்தான் என்ற சிற்றூரில் சிப்பாய்கள் இவர்களைப் பிடித்து அடைத்துவைத்தார்கள். தூதரின் கடவுச்சீட்டைப் பார்த்து யாரும் அசரவில்லை. விடுதலையாகி எல்லையைத் தாண்டி, இன்று ஹோண்டுராஸில் இருக்கும் கொப்பானுக்குப் போனார்கள். அங்கே காட்டுக்குள் மரவேர்கள் பின்னிக் கிடந்த சிலைத் தூண்களைப் பார்த்ததும் ஸ்டீபன்ஸுக்கு அரசாங்கம், நியமனம் எல்லாம் மறந்துபோயின. பெரிய பொத்தான்கள் வைத்த தூதர் கோட்டைப் போட்டுக்கொண்டு நிலக்காரரிடம் பேசி, அந்த இடிந்த நகரத்தை 50 டாலருக்கு வாங்கினார்.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அவர் 1841-இல் வெளியிட்ட நூலில் எழுதிய முடிவைச் சொல்பவர்கள் குறைவு. அந்தக் காலத்து ஐரோப்பிய அறிஞர்கள் பலர், இந்த நகரங்களைக் கட்டியவர்கள் எகிப்தியர்கள், ஃபினீசியர்கள், காணாமல் போன யூதக் குலங்கள் என்று விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கோவேறு கழுதையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மாயர் என்ற பழங்குடியைச் சேர்ந்த ஆளின் பாட்டனார் கட்டியிருப்பார் என்று நினைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. எகிப்தையும் நேரில் பார்த்திருந்த ஸ்டீபன்ஸ், இது அதன் சாயலே இல்லை, இந்த மண்ணிலேயே பிறந்த கலை, இங்கே வாழும் மக்களின் முன்னோர் செய்தது என்று தெளிவாக எழுதினார். ஆனாலும் அவர் நூலில் பாதிரிமார்களும் தளபதிகளும் பேசுகிற அளவுக்கு மாயர்கள் பேசுவதில்லை. கல்லைப் படித்துவிட்டார், ஆளைப் படிக்க நேரம் கொடுக்கவில்லை.

குவாத்தமாலாவுக்குப் போய்வந்தவர்கள் நானூறு ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை எடைபோட எனக்கு ஒரு கேள்வி போதும். இடிபாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளை இவர் பார்த்தாரா?

ஸ்டீபன்ஸுக்கு இருநூறு ஆண்டுகள் முன்பே தாமஸ் கேஜ் பார்த்தார். ஸ்பானிய ஆட்சிப் பகுதிக்குள் அந்நியர் நுழையக்கூடாது என்றிருந்த காலத்தில் உள்ளே போய்விட்ட ஆங்கிலேய தோமினிக்கப் பாதிரியார் அவர். 1627 முதல் 1637 வரை குவாத்தமாலாவில் இருந்தார். மிக்ஸ்கோ, பினுலா ஊர்களில் பங்குத் தந்தையாகப் பணியாற்றி, அங்கு பேசப்பட்ட போக்கோமாம் மொழியைக் கற்றார். வாரா வாரம் ஊரிலிருந்து இத்தனை பேர் என்று மாயர்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துப் போவதையும், கூலி என்ற பெயரில் கொடுக்கும் சில்லறையையும் அவர் எழுதியதுபோல் அன்று வேறு யாரும் ஆங்கிலத்தில் எழுதவில்லை. அதே கேஜ், அந்த மக்களின் காணிக்கையில் பெரும் பணம் சேர்த்தார் என்பதும் அவர் நூலிலேயே இருக்கிறது. ஊர் திரும்பும் வழியில் கோஸ்டா ரிக்கா கடலோரத்தில் கொள்ளையர்கள் அதில் பெரும்பகுதியைப் பறித்துக்கொண்டார்கள். 1648-இல் வந்த அவர் நூல், ஸ்பானிய அமெரிக்கா பலவீனமாக இருக்கிறது, அடித்தால் விழும் என்று இங்கிலாந்துக்குச் சொன்னது. இங்கிலாந்தின் ஆட்சியாளர் கிராம்வெல் அனுப்பிய படையோடு கேஜும் போனார். 1656-இல் ஜமைக்காவில் இறந்தார். மொழியைக் கற்ற மனிதர், அந்த அறிவைப் படையெடுப்புக்குக் கொடுத்தது பெரிய துயரம்.

இன்றைய பயணிகள் பெரும்பாலும் தலைநகரில் தங்குவதில்லை. விமான நிலையத்திலிருந்து நேராக அந்திகுவாவுக்குப் போய்விடுகிறார்கள். 1773 நிலநடுக்கங்களில் இடிந்து, தலைநகர் என்ற பதவியை இழந்த ஊர் அது. கூரையில்லாத தேவாலயங்கள், கல் பாவிய தெருக்கள், ஸ்பானிய மொழிப் பள்ளிகள், நல்ல காபி. அழகான ஊர்தான். அங்கிருந்து 3,976 மீட்டர் உயர அக்காத்தெனாங்கோ மலையேறி, இரவில் எதிரே ஃபுவேகோ எரிமலை நெருப்பு கக்குவதைப் பார்ப்பது இப்போது எல்லாரும் செய்வது. அதே ஃபுவேகோ 2018 ஜூன் 3 அன்று வெடித்து, சான் மிகேல் லோஸ் லோத்தெஸ் என்ற குடியிருப்பை மூடியது. நூற்றுக்கணக்கானோர் புதைந்தார்கள். மலையேறுகிறவர்கள் அந்தப் பெயரையும் தெரிந்துகொண்டு ஏற வேண்டும்.

மேற்கே மலைநாட்டுக்குப் போகக் கமியோனேட்டா பேருந்துகள் இருக்கின்றன. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்வுபெற்ற மஞ்சள் வண்டிகள் இங்கே வந்து சிவப்பும் பச்சையும் பூசிக்கொண்டு மறுபிறவி எடுக்கின்றன. இரண்டு பேர் இருக்கையில் மூன்று பேர் உட்கார்வது சட்டம் மாதிரி. நாட்டு மக்கள்தொகையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மாயர்கள் என்பதும், அவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட மாயமொழிகள் பேசுகிறார்கள் என்பதும் இந்த வண்டியில்தான் காதில் விழும்.

அந்த வண்டி கொண்டுவிடும் இடம் அத்தித்லான் ஏரி. 1933-இல் வந்த ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி இதை இத்தாலியின் கோமோ ஏரியோடு ஒப்பிட்டு, கூடவே எரிமலைகளும் இருப்பதால் அழகு அளவுக்கு மீறிப்போகிறது என்ற பொருளில் எழுதினார். சுற்றுலாக் கையேடுகள் அன்றிலிருந்து அதையே திருப்பித் திருப்பிச் சொல்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த மாபெரும் வெடிப்பில் நிலம் உள்வாங்கிப் பிறந்த ஏரி இது. ஆழம் 300 மீட்டருக்கு மேல். தெற்கே அத்தித்லான், தொலிமான், சான் பெத்ரோ என்று மூன்று எரிமலைகள். பிற்பகலில் ஷோக்கோமில் என்ற காற்று எழும்பும். காலையில் கண்ணாடியாகக் கிடந்த தண்ணீர் அப்போது லாஞ்சுப் படகைத் தூக்கித் தூக்கி அடிக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மதியத்துக்குள் அக்கரை சேர்ந்துவிடுகிறார்கள்.

அந்த அழகைப் பயணிகளுக்கு விற்கப் புறப்பட்டதால் ஓர் உயிரினமே அழிந்தது. 1950-களின் கடைசியில், தூண்டில் போட்டு மீன்பிடிக்கும் வெளிநாட்டவர் வரவேண்டும் என்று வட அமெரிக்க பாஸ் மீனை ஏரியில் விட்டார்கள். அது சிறு மீன்களையும் நண்டுகளையும் தின்று தீர்த்தது. ஏரியை நம்பியிருந்த மீனவக் குடும்பங்களின் சட்டி காலியானது. உலகில் வேறெங்கும் இல்லாத, பறக்கத் தெரியாத, ஊரார் போக் என்று அழைத்த முக்குளிப்பான் பறவையின் இரையும் போனது. அதன் குஞ்சுகளும் பாஸ் மீனின் வாய்க்குள் போயின. ஆன் லபஸ்டீல் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் அறுபதுகளில் வந்து, ஊராரோடு சேர்ந்து அதற்குக் காப்பிடம் அமைத்தார். எழுபதுகளில் எண்ணிக்கை இருநூறைத் தாண்டி நம்பிக்கை கொடுத்தது. 1976 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஏரியின் மட்டம் இறங்கி நாணற்கரைகள் காய்ந்தன. கரையோரம் விடுதிகளும் வீடுகளும் பெருகின. எண்பதுகளின் முடிவில் போக் இல்லை. வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

தென்கரையில் சந்தியாகோ அத்தித்லான். சுத்துஹில் மொழி பேசும் மாயர்களின் ஊர். இங்கே மாஷிமோன் என்ற மரச் சாமி இருக்கிறார். தொப்பி, கழுத்தைச் சுற்றிப் பட்டுத் துணிகள், வாயில் எரியும் சுருட்டு, முன்னால் சாராயம். கோயில் கிடையாது, ஆண்டுக்கு ஒரு வீடு மாறுவார். நம் சுடலைமாடனுக்குச் சுருட்டும் சாராயமும் படைத்துப் பழகியவர்களுக்கு அவர் முன்னால் உட்கார எந்தத் தயக்கமும் இருக்காது. ஐரோப்பியப் பயணிகள் வேடிக்கையாகப் படம் பிடிக்கும் அந்த அறையில், தீராத வயிற்றுவலிக்கும் பிரிந்துபோன மகனுக்கும் ஒரு குடும்பம் வேண்டிக்கொண்டிருக்கும்.

அதே ஊரின் தேவாலயத்தில் ஓர் அந்நியரின் இதயம் வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்டான்லி ரோதர், ஓக்லஹோமாவின் விவசாயக் குடும்பத்துப் பாதிரியார். 1968-இல் வந்தவர் சுத்துஹில் கற்றார், அந்த மொழியில் பூசை செய்தார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க உதவினார், வயலில் இறங்கி வேலை செய்தார். ராணுவமும் கொலைப் படைகளும் ஊராரைத் தூக்கிப்போகத் தொடங்கியபோது அவர் பெயரும் கொலைப் பட்டியலில் ஏறியது. 1981 ஜனவரியில் நாடு திரும்பியவர், சில மாதங்களில் தன் மக்களிடமே திரும்பி வந்தார். ஜூலை 28 அன்று சுட்டுக் கொன்றார்கள். உடலை ஓக்லஹோமாவுக்கு அனுப்பினாலும் இதயத்தை ஊர் வைத்துக்கொண்டது. 1990 டிசம்பர் 2 அன்று இதே ஊர் மக்கள் வெறுங்கையோடு ராணுவ முகாமுக்குப் போய் நியாயம் கேட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்குப் பிறகு முகாமை எடுக்கவைத்தே விட்டார்கள்.

இந்தக் கொலைகளுக்குப் பின்னால் இருந்த உள்நாட்டுப் போர் எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்னொரு பயணி சாட்சி. 1953 டிசம்பரில், கையில் காசில்லாத 25 வயது அர்ஜென்டினா டாக்டர் ஒருவர் தலைநகருக்கு வந்தார். பெயர் எர்னெஸ்டோ குவேரா. யுனைடெட் ஃப்ரூட் வாழைப்பழக் கம்பெனி சும்மா போட்டுவைத்திருந்த நிலத்தையும் எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதிபர் அர்பென்ஸின் அரசை, 1954 ஜூனில் சி.ஐ.ஏ. கவிழ்த்ததை அவர் கண்ணெதிரே பார்த்தார். சே என்று உலகம் அறிந்த மனிதரை உருவாக்கிய மாதங்கள் அவை. அந்தக் கவிழ்ப்பின் தொடர்ச்சியாக 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டோரும் காணாமல் போனோரும் சுமார் 2,00,000 பேர். ஐ.நா. ஆதரவோடு அமைந்த உண்மை ஆணையம் அடையாளம் கண்டவர்களில் 83 சதவீதம் மாயர்கள்.

இது தெரியாமல் கேமராவை நீட்டக்கூடாது. 2000 ஏப்ரலில் தோதோஸ் சாந்தோஸ் என்ற மலைச் சந்தையூரில், குழந்தைகளைத் திருட வெளிநாட்டார் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியில் ஒரு ஜப்பானியப் பயணியையும் அவர் வந்த பேருந்தின் ஓட்டுநரையும் கூட்டம் அடித்துக் கொன்றது. கொடூரமான செயல், எதுவும் அதை நியாயப்படுத்தாது. ஆனால் அந்தப் பயம் வானத்திலிருந்து விழவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ராணுவம் சூறையாடிய ஊர் அது. அன்று குவாத்தமாலாவிலிருந்து தத்து என்ற பெயரில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான குழந்தைகள் வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். கடத்தல் வழக்குகளும் இருந்தன. 2007 கடைசியில்தான் சட்டம் மாறியது.

வடக்கே கோபான் மலைகளில் தமிழர்களுக்குத் தெரிந்த வாசனை வரும். ஏலக்காய்! நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே காபித் தோட்டம் வைத்திருந்த ஜெர்மானியர்களில் ஒருவர் இந்தியாவிலிருந்து விதை கொண்டுபோனார். இன்று உலகிலேயே அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு குவாத்தமாலா. பயிரிடுகிறவர்கள் பெரும்பாலும் கெக்சி மொழி பேசும் சிறு விவசாயிகள். அவர்கள் சமையலில் ஏலக்காய் கிடையாது; பறித்தது இடைத்தரகர் கைமாறி வளைகுடா நாட்டுக் காபிக்குப் போகிறது. அங்கே மகசூல் சரிந்தால் இங்கே போடிநாயக்கனூர் ஏலத்தில் விலை ஏறும். இப்படி ஒரு வணிக உறவு இருந்தும் அந்த விவசாயிகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

2023 அக்டோபரில் அங்கிருந்த பயணிகளுக்கு மாயர்களைப் பார்க்காமல் இருக்க வழியே இல்லாமல் போனது. அதிபர் தேர்தலில் வென்ற பெர்னார்தோ அரேவாலோவைப் பதவியேற்க விடாமல் தடுக்க அரசு வழக்குத் துறை முயன்றபோது, தோத்தோனிகபானின் 48 கான்தோனெஸ் என்ற பழங்குடி ஊராட்சி அமைப்பு அக்டோபர் 2 அன்று நாட்டையே நிறுத்த அழைப்பு விடுத்தது. கூலி வாங்காமல் ஆண்டு முறை வைத்து ஊருக்கு உழைக்கும் பெரியவர்கள், கையில் அதிகாரக் கோலோடு சாலையில் வந்து நின்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் மறியல். அந்திகுவாவிலும் ஏரிக்கரையிலும் பயணிகள் முடங்கிக் கிடந்தார்கள். சிலர் திட்டினார்கள்; சிலர் மறியலில் நிற்பவர்களோடு உட்கார்ந்து சோள அப்பம் சாப்பிட்டுக் கதை கேட்டார்கள். நூறு நாளுக்கு மேல் தலைநகரில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள் அந்த மக்கள். 2024 ஜனவரி 15 நள்ளிரவு தாண்டி அரேவாலோ பதவியேற்றார். அழிந்துபோன நாகரிகம் என்று பாடப்புத்தகம் சொல்லும் இனம், தன் நாட்டின் வாக்குச்சீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. பழைய மாய நகரமான திக்காலின் கோயில்களை விடியற்காலையில், ஊளைக் குரங்குகள் கத்தும் நேரத்தில், உள்ளூர் வழிகாட்டியோடு பாருங்கள். சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தை வியாழனும் ஞாயிறும் கூடும். அங்கே சாந்தோ தோமாஸ் தேவாலயப் படிகளில் சாம்பிராணி போல் கோபால் பிசினைப் புகைத்து வேண்டுகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள். குழந்தைகளைப் படம் எடுக்குமுன் தாயைக் கேளுங்கள். பெண்கள் இடுப்பில் தறியைக் கட்டிக்கொண்டு நெய்யும் விப்பில் என்ற மேலாடைகளை நெய்தவரிடமே வாங்குங்கள். அந்த வடிவங்கள் தங்கள் ஊரின் சொத்து, வெளியார் நகலெடுத்து விற்கக் கூடாது என்று அந்தப் பெண்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். ஒரு நல்ல விப்பிலை நெய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். பேரம் பேசாமல், கேட்ட விலையைக் கொடுங்கள்.