தலைமை ஓர் அமானிதம்: தில்லி தேசிய நாடகப் பள்ளி உணர்த்தும் பாடம்

கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்குதல் எளிது. தொடங்கியவர் மறைந்த பின்னும் அது தழைத்து நிற்கச் செய்தல் அரிது. இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. மார்க்கப் பெரியவர் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் உழைத்து ஒரு மதரஸாவையோ, பள்ளிக்கூடத்தையோ உருவாக்குகிறார். வாடகை வீட்டில் தொடங்கியது மாடிக் கட்டடமாக உயர்கிறது. வெளியூர்ப் பிள்ளைகளும் நாடி வந்து ஓதுகின்றனர். அப்பெரியவர் கண்மூடியதும், "அடுத்தவர் யார்?" என்னும் வினா எழுகிறது. அதற்கு முன்னரே விடை தேடி வைக்காத காரணத்தால் நிர்வாகத்தினரிடையே பிணக்கு மூள்கிறது, ஆசிரியர்கள் ஒவ்வொருவராக விலகுகின்றனர், பிள்ளைகள் குறைகின்றனர். இறுதியில் பெயர்ப்பலகையும் கட்டடமுமே எஞ்சி நிற்கின்றன.

இந்நிலை ஏன் நேர்கிறது? இதனைத் தவிர்க்கும் வழி யாது? இவ்வினாக்களுக்கு விடை காண, நம் நாட்டுத் தலைநகரில் 1959ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் தேசிய நாடகப் பள்ளியின் தலைமை வரலாறு பெரிதும் துணை புரியும்.

"மதரஸா உஸ்தாதுக்கும் நாடகப் பள்ளிக்கும் என்ன தொடர்பு?" என்று வாசகர் சிலர் வினவக் கூடும். நாடகம், கூத்து முதலியவை குறித்த மார்க்க வரம்புகளை இங்கு நாம் ஆராயப் புகவில்லை. அதற்குரிய இடமும், அதற்குரிய ஆலிம் பெருமக்களும் உளர். ஒரு கலாசாலையை எவ்வாறு நடத்துவது என்பதொன்றே இக்கட்டுரையின் பொருள். பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள் எழுதப் படிக்க அறிந்தோரை, மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்து விடுதலை பெறுமாறு பணித்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பகைவரிடமிருந்தும் நல்லதைக் கற்கலாம் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. நாம் இங்குக் காணவிருப்பவரோ பகைவரும் அல்லர். அரபுக் குடும்பத்தில் பிறந்து, இந்தியாவையே தம் நாடாக ஏற்ற ஒரு முஸ்லிம் பெருமகனார்!

அரபு வணிகரின் மைந்தர்

இப்ராஹீம் அல்காஸி 1925ஆம் ஆண்டு புனே நகரில் பிறந்தார். தந்தையார் இன்றைய சஊதி அரபியாவைச் சேர்ந்த உனைஸா நகரத்து வணிகர்; தாயார் குவைத்தைச் சேர்ந்தவர். ஒன்பது மக்களுள் ஒருவரான அல்காஸியின் இல்லத்தில் அரபு மொழியே பேசப்பட்டது. நாட்டுப் பிரிவினையின்போது குடும்பத்தினர் பாகிஸ்தான் சென்றனர். அல்காஸி இந்தியாவிலேயே தங்க முடிவு செய்தார்.

பம்பாயில் தூய சவேரியார் கல்லூரியில் பயின்ற அவர், பின்னர் இலண்டனிலுள்ள அரச நாடகக் கலைக்கழகத்தில் பயிற்சி பெற்றார். அந்நாட்டிலேயே தங்கிப் புகழ் ஈட்டும் வாய்ப்பு இருந்தும் தாயகம் திரும்பிப் பம்பாயில் நாடகப் பணியைத் தொடர்ந்தார். 1962ஆம் ஆண்டு, முப்பத்தேழாம் வயதில், தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநர் பொறுப்பை ஏற்றார். அப்பொறுப்பில் பதினைந்து ஆண்டுகள் நீடித்தார்.

சங்கீத நாடக அகாடமியின் ஆதரவில் தொடங்கப்பெற்ற அப்பள்ளிக்கு அப்போது வயது மூன்றுதான். மேடை ஒளியமைப்பில் வல்லவரான வங்காளத்துச் சதுசென் அதன் முதல் இயக்குநராக இருந்தார். நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும், பல மொழிகளைப் பேசும் இளைஞர்கள் அங்கு வந்து சேர்ந்தனர். முறையான பாடத்திட்டமும், கட்டுப்பாடும், சிறந்த அரங்கமும் இனிமேல்தான் உருவாக வேண்டியிருந்தன.

துடைப்பம் ஏந்திய தலைவர்

அல்காஸியைப் பற்றி அவர்தம் மாணவர்கள் மீண்டும் மீண்டும் நினைவுகூரும் செய்தி ஒன்றுண்டு. பள்ளியின் கழிப்பறை அசுத்தமாயிருந்ததைக் கண்ட அவர், எவரையும் ஏவாமல் தாமே அதனைத் தூய்மை செய்து காட்டினாராம். மேடையில் அரசர் வேடம் பூணுபவரும் அரங்கத்தைப் பெருக்கியாக வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. ரவீந்திர பவன் வளாகத்தில் ஆலமரம் ஒன்றன் நிழலில் "மேக்தூத்" என்னும் திறந்தவெளி அரங்கத்தை அவரும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கினர்.

இதனைப் படிக்கும்போது நம் உள்ளம் மதீனத்தை நோக்கிச் செல்கிறது. மஸ்ஜிதுந் நபவியை எழுப்பியபோது தோழர்களோடு கல் சுமந்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அகழ்ப் போரின்போது தோழர்களோடு மண் வெட்டியவர்களும் அவர்களே. தம் காலணியைத் தாமே தைத்துக் கொண்டவர்களும் அவர்களே. அண்ணலாரின் உம்மத்தாகிய நாம், இன்று நிர்வாகி என்றால் நாற்காலியில் அமர்ந்து கையொப்பம் இடுபவர் என்றல்லவா எண்ணிக் கொண்டிருக்கிறோம்!

ஒருவர் அல்லர், ஒரு குழு

அல்காஸியின் புகழ் பெரிது. ஆயினும் அப்பள்ளி அவர் ஒருவரால் மட்டும் உயர்ந்ததன்று. அவரைச் சூழ்ந்து ஓர் ஆசிரியர் குழு இருந்தது. நவீன இந்திய நாடக இலக்கியத்தைக் கற்பித்தவர் நேமிசந்திர ஜெயின். இந்தி மொழியில் நாடகத்திற்கெனவே "நடரங்" என்னும் இதழை நடத்திய அறிஞர் அவர். பண்டைய இந்திய நாடக மரபைக் கற்பித்தவர் சாந்தா காந்தி என்னும் பெண்மணி. பஞ்சாபி இசைநாடகத்தில் பெயர் பெற்ற ஷீலா பாட்டியா மற்றோர் ஆசிரியை. மேடையமைப்புக் கலையைக் கற்பித்த கோவர்தன் பஞ்சால், கேரளத்துக் கூத்தம்பலங்களை ஆராய்ந்து நூல் எழுதியவர்.

அல்காஸியின் துணைவியார் ரோஷன், நாடகங்களுக்கான உடைகளை வடிவமைத்தார். எந்தக் காலத்தில் எந்நாட்டார் எவ்வகை உடை அணிந்தனர் என்பதை ஆராய்ந்து, பண்டைய இந்திய உடைகளைப் பற்றிய நூலொன்றையும் அவர் இயற்றினார்.

இக்குழுவில் ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியார். அல்காஸி இலண்டனில் பயின்றவர். நம் நாட்டுத் தொன்மை மரபில் தம்மினும் வல்லவர்களைத் தேடி அமர்த்திக் கொள்ள அவர் தயங்கவில்லை. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுதல் தலைவருக்கு இழிவன்று, அதுவே வலிமை. நம் திருமறையில் "ஷூரா" என்னும் பெயரிலேயே ஓர் அத்தியாயம் உள்ளது. கலந்தாலோசித்துச் செயலாற்றுவதை இறைநம்பிக்கையாளரின் பண்பாக அது போற்றுகிறது. நம் நிர்வாகக் கூட்டங்களில் உண்மையிலேயே ஆலோசனை நடக்கிறதா, அன்றி ஒருவர் முடிவு செய்ததற்கு மற்றவர் தலையசைக்கின்றனரா என்பதை நம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

பயின்று முடித்தவரின் பிழைப்புக்கு வழி காண்பதும் கல்விக்கூடத்தின் கடமை என அத்தலைமை உணர்ந்திருந்தது. 1964ஆம் ஆண்டு பள்ளியின் அரவணைப்பிலேயே தொழில்முறை நாடகக் குழு ஒன்று தொடங்கப்பெற்றது. தேறிய மாணவர்கள் அதில் ஊதியத்துடன் பணியாற்றினர். நஸீருத்தீன் ஷா, ஓம் புரி முதலிய புகழ்பெற்ற நடிகர்கள் அல்காஸியிடம் பயின்றவர்களே. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறையில் பேராசிரியராக விளங்கிய சே. இராமானுஜம் அவர்களும் அப்பள்ளியில் உருவானவர். தில்லியில் ஏற்றிய விளக்கின் ஒளி தஞ்சை வரை வந்தது எனலாம்.

பதவி துறந்த நாள்

எத்தலைமைக்கும் குறை உண்டு. அல்காஸியின் பயிற்சிமுறை மேலைநாட்டுச் சார்பு மிகுந்தது என்னும் விமர்சனம் வளர்ந்தது. அவருடைய கண்டிப்பு மாணவர் சிலருக்குக் கசந்தது. எழுபதுகளில் மாணவரிடையே கிளர்ச்சியும் எழுந்தது. 1977ஆம் ஆண்டு அவர் பதவியைத் துறந்தார்.

இங்குதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகள் ஒருவரே தாங்கிய பள்ளி, அவர் விலகியதும் சரிந்துவிடவில்லை. அடுத்து அப்பொறுப்பேற்ற பி.வி. காரந்த் அப்பள்ளியிலேயே பயின்றவர். கன்னட நாட்டுக் குப்பி வீரண்ணா நாடகக் குழுவில் சிறுவயதிலேயே சேர்ந்து வளர்ந்தவர். யட்சகானம் போன்ற மண்ணின் மரபுகளையும் இசையையும் அவர் பள்ளிக்குள் கொணர்ந்தார். பயிற்சிப் பட்டறைகளைத் தில்லிக்கு வெளியே, நம் மதுரைப் பகுதி வரையிலும் கொண்டு சென்றார். முன்னவர் விட்ட குறையைப் பின்னவர் நிறைத்தார். ஆயினும் முன்னவர் நட்ட மரத்தை அவர் வெட்டவில்லை.

பின்னர் இயக்குநர்களாக அமர்ந்த மோகன் மகரிஷி, மணிப்பூரின் ரத்தன் தியாம், ராம் கோபால் பஜாஜ், தேவேந்திர ராஜ் அங்கூர் ஆகியோரும் அப்பள்ளியின் மாணவர்களே. 1988இல் கீர்த்தி ஜெயின் பொறுப்பேற்றார். அதுவரை ஆடவரே அமர்ந்திருந்த அவ்விருக்கையில் அமர்ந்த அவர், முன்னர்க் கூறிய நேமிசந்திர ஜெயினின் மகளாவார். தந்தையின் பெயரால் மட்டும் அவர் அங்கு வந்துவிடவில்லை. அப்பள்ளியிலேயே ஆசிரியப் பணியாற்றித் தகுதி பெற்றிருந்தார். அவர் காலத்தில், 1989இல், குழந்தைகளுக்கான கல்வி நாடகக் குழு உருவாயிற்று.

விலகியவர் என்ன செய்தார் என்பதும் கருதத் தக்கது. அல்காஸி எதிர் அணி அமைக்கவில்லை. மனைவியாருடன் ஓவியக் கலைக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். பழங்காலப் புகைப்படங்களைத் திரட்டிப் பாதுகாத்தார். தொண்ணூறுகளில் அப்பள்ளியின் நாடகக் குழுவிற்காக மீண்டும் நாடகங்களை இயக்கித் தந்தார். 2010இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 2020 ஆகஸ்ட் 4ஆம் நாள் தமது 94ஆம் வயதில் காலமானார். தளபதிப் பொறுப்பிலிருந்து உமர் (ரலி) அவர்களால் நீக்கப்பட்ட பின்னரும், அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையின் கீழ்ப் படைவீரராகத் தொடர்ந்து பணியாற்றிய காலித் பின் வலீத் (ரலி) அவர்களின் வரலாற்றை ஓதியவர்கள் நாம். பதவி போனால் பள்ளிவாசலையே மாற்றிக் கொள்பவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக!

தலைமை இருக்கை வெறுமையானால்

அப்பள்ளியின் வரலாறு முழுவதும் வெற்றிக் கதையன்று. 1977க்கும் 1988க்கும் இடைப்பட்ட பதினோராண்டுகளில் காரந்த், பி.எம். ஷா, மகரிஷி, தியாம் என நால்வர் மாறி மாறி வந்தனர். முந்திய பதினைந்து ஆண்டுகளில் ஒருவரே இருந்ததையும் இதனையும் ஒப்பிட்டால் நிலையின்மை விளங்கும். 2018ஆம் ஆண்டு வாமன் கேந்த்ரேயின் பதவிக்காலம் முடிந்தபின் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் முழுநேர இயக்குநர் நியமிக்கப்படவில்லை. பொறுப்பு இயக்குநர்களைக் கொண்டே பள்ளி நடந்தது. 2023இல்தான் பழைய மாணவரான சித்தரஞ்சன் திரிபாதி இயக்குநராக நியமிக்கப்பட்டார். அரசின் நிதியும், தலைநகரின் வசதிகளும், ஆட்சிக் குழுவும் உடைய நிறுவனத்திற்கே இந்நிலை என்றால், ஜமாஅத்தின் சந்தாவை நம்பி நடக்கும் நம் கூடங்கள் எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும்!

நாம் செய்ய வேண்டுவன

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் தன் திருமறையில் கட்டளையிடுகின்றான். பணமும் நகையும் மட்டும் அமானிதமல்ல, பதவியும் அமானிதமே. தமது இறுதி நோயின்போது தொழுகையை முன்னின்று நடத்த அபூபக்ர் (ரலி) அவர்களை நியமித்தார்கள் அண்ணலார் (ஸல்). குத்துண்டு படுத்திருந்த நிலையிலும், அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேர் கொண்ட குழுவை அமைத்தார்கள் உமர் (ரலி) அவர்கள். தம் மைந்தர் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஆலோசனையில் கலந்து கொள்ளலாமே தவிர, பதவிக்கு உரியவராகார் என்பதையும் தெளிவுபடுத்தினார்கள். இத்துணை தெளிவான முன்மாதிரி நம்மிடம் இருக்க, நம் கல்விக்கூடங்கள் தலைவரின் மறைவோடு தடுமாறுவது ஏன்?

ஒவ்வொரு மதரஸாவும், பள்ளியும் தன் பழைய மாணவருள் தகுதியுடைய இருவர் மூவரை இன்றே இனங்கண்டு, ஆசிரியப் பணியிலும் கணக்கு வழக்கிலும் பழக்க வேண்டும். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் தன் நிறுவனர் மறைந்து பல்லாண்டுகள் கடந்தும் நிலைத்திருப்பதற்கு, அங்கு ஓதியவர்களே உஸ்தாதுகளாகத் தொடர்ந்து வந்தமையும் ஒரு காரணமன்றோ? தலைவரின் பதவிக்காலம் எழுத்தில் வரையறுக்கப்படல் வேண்டும். வரவு செலவு ஆண்டுதோறும் ஜமாஅத்தார் முன் வைக்கப்படல் வேண்டும். பெண் பிள்ளைகள் ஓதும் இடங்களில், கற்றறிந்த பெண்டிர்க்கு ஆலோசனைக் குழுவில் இடமளித்தல் வேண்டும். தேநீர் பரிமாறும் பணியோடு அவர்களை நிறுத்தி விடுதல் தகாது.

இவை நிர்வாகிகளின் கடமை மட்டுமல்ல. தம் பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் தந்தையும் தாயும், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதுடன், "இப்போதைய ஹஜ்ரத்துக்குப் பின் இக்கூடத்தைப் பார்த்துக் கொள்ள யாரை உருவாக்கி வருகிறீர்கள்?" என்றும் பணிவோடு கேட்கலாம். இவ்வினா பல இடங்களிலிருந்தும் எழுமானால் நிர்வாகங்கள் விடை தேடத் தொடங்கும்.

நம் முன்னோர் தங்கள் வியர்வையால் எழுப்பிய கல்விக்கூடங்களைத் தகுதியுடையோர் கையில் ஒப்படைக்கும் தெளிவையும், பொறுப்பை ஏற்கும்போது அச்சத்தையும், அதிலிருந்து விலகும்போது பெருந்தன்மையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்கியருள்வானாக! ஆமீன்.