உஷார்! "கோர்ட்டுக்குப் போய் தனியாப் போயிடுவேன்"

"இன்னொரு தடவை போனைப் பிடுங்குனீங்க, எமான்சிபேட் ஆயிடுவேன் பாருங்க!"

கலிபோர்னியாவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் எவருக்கும் என்றைக்காவது இந்த மிரட்டல் காதில் விழலாம். டிவி தொடர்களும் டிக்டாக்கும் சேர்ந்து சொல்லிக் கொடுத்த வார்த்தை அது. எமான்சிபேஷன் என்றால் 18 வயதுக்கு முன்பே சட்டப்படி பெற்றோரின் பிடியிலிருந்து விடுபடுவது. 1984இல் 'இர்ரெகன்சைலபிள் டிஃபரன்சஸ்' என்ற படத்தில், பெற்றோரிடமிருந்து பிரித்துவிடச் சொல்லி வழக்குப் போடும் சிறுமியாக ட்ரூ பேரிமோர் நடித்தார். சில வருடங்கள் கழித்து, 14 வயதில், நிஜமாகவே நீதிமன்றம் போய் எமான்சிபேஷன் உத்தரவை வாங்கினார். தனி வீட்டில் துணி துவைக்கக்கூடத் தெரியாமல் திண்டாடியதைப் பின்னாளில் அவரே எழுதினார். அவர் கையிலாவது சினிமாத் தொழில் இருந்தது.

உங்கள் பிள்ளை கையில் என்ன இருக்கிறது?

சட்டம் கேட்பதும் அதைத்தான். கலிபோர்னியாவில் திருமணம் செய்துகொண்டாலோ, ராணுவப் பணியில் சேர்ந்தாலோ மைனர் பெற்றோரின் பிடியிலிருந்து விடுபடலாம். மூன்றாவது வழி, இஎம்-100 என்ற படிவத்தில் நீதிமன்றத்துக்கு மனுப் போடுவது. வயது 14 நிரம்பியிருக்க வேண்டும். மனுப் போடும்போதே வீட்டை விட்டுத் தனியாக வசித்துக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் பெற்றோர் சம்மதித்தோ, வாய் திறந்து மறுக்காமலோ. சொந்த வரவு செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வருமானம் குற்ற வழியில் வந்ததாக இருக்கக் கூடாது. கவனியுங்கள்: உத்தரவு கிடைத்த பிறகு வேலை தேடிக்கொள்ளலாம் என்பது நடக்காது. ஏற்கெனவே சம்பாதித்து வாடகை கட்டுகிற பிள்ளைக்குத்தான் அந்தக் காகிதம். கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நண்பன் வீட்டு சோபாவில் போய்ப் படுப்பவன் சட்டத்தின் கண்ணில் ஓடிப்போன பையன், அவ்வளவுதான். போலீஸ் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடலாம்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு குழி இருக்கிறது. இதை யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு வேலை செய்யும் அனுமதி கிடையாது. எச்-4இல் வேலை அனுமதி என்று நாம் பேசுவதெல்லாம் மனைவிக்கோ கணவருக்கோ மட்டும்தான். அனுமதியில்லாமல் ஏதாவது கடையில் ரொக்கச் சம்பளத்துக்கு நின்றால் விசா அந்தஸ்தே போய்விடும். எமான்சிபேஷன் உத்தரவு அதைக் காப்பாற்றாது. மாநில நீதிபதி கொடுக்கும் காகிதத்துக்குக் குடியேற்றத் துறையில் விசா தரும் சக்தி இல்லை. அப்பாவின் எச்-1பியைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டில் நிற்கும் பிள்ளை, அப்பாவிடமிருந்து பிரியப் போகிறேன் என்கிறது!

சரி, கிரீன் கார்டு இருக்கிறது, உத்தரவும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மைனர் போட்ட கையெழுத்தைப் பெரும்பாலும் "செல்லாது" என்று பின்னால் விலக்கிக்கொள்ளலாம். அந்தக் கவசம் அன்றோடு போகிறது. அபார்ட்மென்ட் ஒப்பந்தம், கார் கடன் எல்லாவற்றுக்கும் பிள்ளைதான் பொறுப்பு. வழக்கும் பிள்ளைமேல்தான் வரும். சோறு போட வேண்டும், மருத்துவச் செலவு பார்க்க வேண்டும் என்ற கடமை பெற்றோருக்கு இல்லை. பிழைக்க வழியில்லாமல் அரசு உதவிக்குப் போய் நின்றால் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்யலாம். ஆனால் இடையில் போட்ட ஒப்பந்தக் கடன்கள் ரத்தாகாது!

இத்தனைக்குப் பிறகும் ஓட்டுரிமை இல்லை. மதுவுக்கு 21 வயது ஆகவேண்டும். பள்ளிக்கூடம் போயே தீர வேண்டும், வேலைக்குப் பள்ளி வழியே பெர்மிட்டும் வாங்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். "கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வந்துடு, அப்புறம் நம்மள யாரும் கேட்க முடியாது" என்று வயதில் மூத்த ஒருவன் ஆன்லைனில் ஓதினால், அது பச்சைப் பொய். கலிபோர்னியாவில் உடலுறவுக்குச் சம்மதம் தரும் வயது 18. எமான்சிபேஷன் உத்தரவு அந்த வயதைக் குறைக்காது. அப்படிப் பேசுகிறவனைப் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

பிள்ளைகள் மட்டும்தான் ஏமாறுகிறார்கள் என்றில்லை. இந்த உத்தரவு இருந்தால் கல்லூரிக்கான மத்திய அரசு உதவித்தொகையில் பெற்றோரின் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதனால் "குறுக்கு வழி" சொல்லும் ஆலோசகர்கள் முளைக்கிறார்கள். இதே பாணியில், 2019இல் சிகாகோ புறநகர்களில் வசதியான பெற்றோர் சிலர், பிள்ளைகளின் காப்பாளர் உரிமையை உறவினருக்கும் நண்பருக்கும் மாற்றிக் கொடுத்து உதவித்தொகை வாங்கியது அம்பலமாகி நாறியது. எமான்சிபேஷன் மனுவில் பொய் எழுதுவது சத்தியப் பிரமாணத்தில் சொல்லும் பொய். பொய் சொல்லி வாங்கிய உத்தரவை நீதிமன்றம் செல்லாததாக்கலாம்.

மாநிலம் மாறினால் கதையும் மாறும். நியூயார்க்கில் இப்படி மனுப் போட்டு உத்தரவு வாங்கும் நடைமுறையே இல்லை. அங்கே பெற்றோரின் பராமரிப்புக் கடமை 21 வயது வரை. இணையத்தில் எங்கோ படித்ததை நம்பி வக்கீலுக்கோ, படிவம் விற்கும் ஆளுக்கோ பணம் கட்டிவிடாதீர்கள்.

வீட்டில் அடி, உதை, அதைவிட மோசமானது நடந்தால்? அதற்கு மருந்து எமான்சிபேஷன் இல்லை. அந்தப் பிள்ளை வாடகை கட்டித் தன்னை நிரூபிக்க வேண்டியதும் இல்லை. உடனடி ஆபத்து என்றால் 911. சைல்ட்ஹெல்ப் உதவி எண் 1-800-422-4453. ஓடிப்போகலாமா என்று தவிக்கும் பிள்ளைகளுக்கு 1-800-786-2929. இந்த எண்களைக் கூப்பிட 14 வயது ஆகியிருக்கவும் வேண்டாம், அம்மா அப்பாவின் சம்மதமும் வேண்டாம்.