உங்களுக்குத் தெரியுமா? இடது கைக்கு ஏற்ற பிஸ்டல்

10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் துப்பாக்கியை ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும். அதனால் இடது கைக்காரர் வாங்கப் போனால் முதலில் பார்க்க வேண்டியது குழலை அல்ல, பிடியை. வலது கைக்கென்று செதுக்கிய மரப்பிடியில் இடது உள்ளங்கை உட்காரவே உட்காராது. மொரினி, ஸ்டெயர், வால்தர் போன்ற நிறுவனங்கள் இடக்கைப் பிடியும் தருகின்றன. அதையும் அரத்தால் தேய்த்து, பட்டி பூசி, கைக்கு ஏற்றபடி சரிசெய்துகொள்வது வழக்கம். ஆனால் பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது. மணிக்கட்டுக்கு முட்டும் கொடுக்கக் கூடாது. விசையை இழுக்கத் தேவைப்படும் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். குறி பார்க்கும் கண்ணும் இடதுதானா என்பதைச் சோதித்துவிட்டே காசைக் கொடுங்கள். பலருக்குக் கை ஒன்று, கண் வேறு.

இந்தியாவில், குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. தோட்டா போடும் பிஸ்டல் என்றால் திண்டுக்கல்காரர் கலெக்டர் அலுவலகப் படியேறத்தான் வேண்டும்.

இடது கையால் சுட்டுப் புகழ்பெற்ற ஹங்கேரியின் பிஸ்டல் வீரர் கரோலி டகாச் பிறவி இடக்கைக்காரர் அல்ல. 1938இல் ராணுவப் பயிற்சியில் கையெறி குண்டு வெடித்து வலது கை சிதைந்தது. இடது கையால் பழகி, 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குகளில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் தங்கத்தை அடுத்தடுத்து வென்றார்.