மாத்திரையை நிறுத்தாதீர்கள், கடனில் விழாதீர்கள்



சேலம், நாமக்கல் பகுதிகளிலிருந்து நமக்கு வரும் மருத்துவ உதவி மனுக்கள் பல ஒரே மாதிரி இருக்கின்றன. அத்தாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை, பிரஷர். இப்போது சிறுநீரகமும் கெட்டுவிட்டது. நகைகள் அடகில் இருக்கின்றன, இனி வட்டிக்கு வாங்குவதைத் தவிர வழியில்லை என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

விசாரித்தால், இடையில் சில மாதம் மாத்திரையை நிறுத்தியது தெரிய வருகிறது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்தியவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு எதற்குச் செலவு என்று, சொல்லாமலே நிறுத்தியவர்களும் உண்டு. ஆனால் சர்க்கரையும் பிரஷரும் வலி காட்டாமலே சிறுநீரகம், இதயம், கண்ணைக் கெடுத்துவிடும்.

இந்த மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது.

மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். டயாலிசிஸும் இதில் உண்டு. ஆனால் மெடிக்கலில் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு இது உதவாது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழுடன் கலெக்டர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். நோய் முற்றிய பிறகு அலையாமல் இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

பல நோய் உள்ளவர்களுக்கு இன்னும் மூன்று விஷயங்கள்:

1. எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மருந்துச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் சேர்ந்துவிடக்கூடும்.

2. முட்டி வலிக்குச் சீட்டில்லாமல் வலி மாத்திரை வாங்காதீர்கள். அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

3. ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேளுங்கள்.

ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு. அவர்களுக்கு உதவுவது நம் கடமை, செய்தும் வருகிறோம். அந்தக் கடனே வராமல் தடுப்பது அதைவிட நல்லது அல்லவா? இந்த ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் அத்தா, அம்மாவின் மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள். காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பிக்க உதவி வேண்டுமானால் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடன் இருப்போம்.